சந்தையிலே தோற்ற தமிழ்

மாத்தளைக்குக் கிழக்கே, மலையடிவாரத்திலுள்ள சிறியதொரு பட்டினத்தில் ஞாயிறுதோறும் சந்தை கூடும். மேலே தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் இறங்கி வருவர். கீழே வயற்புறக் கிராமங்களிலிருந்து சிங்களக் குடியானவர் ஏறி வருவர். இடையிலே கடை வைத்திருக்கும் முஸ்லிம்கள் இரு சாராரோடும் அவரவர் மொழியிலேயே கணக்குப் பேசுவர். அவ்வூரின் சிங்களப் பாடசாலையிலே இரண்டாம் தேசிய மொழியாகத் தமிழ் படிப்பிப்பது என் தொழில். ஆறு ஆண்டுகளாக நான் படிப்பித்து வந்த தமிழ் அந்தச் சந்தையிலே ஒரு நாட்காலை என் கண்முன்னே தோற்றது.

ஒன்பதாந் தரத்து மாணவனொருவன் தாயின் பையைச் சுமந்துகொண்டு வந்திருந்தான். தமிழ்ப் பாடத்தில் வகுப்பிலே அவனே முதல்வன். என்னைக் கண்டதும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தக்காளி குவித்து வைத்திருந்த தோட்டத்து மூதாட்டியொருத்தியின் முன்னே நிமிர்ந்து நின்று, "அம்மா, எனக்கு ஒரு கிலோகிராம் தக்காளி வேண்டும். அதன் விலை யாது?" என்று கேட்டான். உச்சரிப்பிலே ஒரு பிழையுமில்லை. அந்த "யாது" நான் கொடுத்த கொடை. மூதாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள், பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு, அன்போடுதான், "கிலோவ ஹாரசீயயி, புதே" என்று சிங்களத்திலே விலையைச் சொன்னாள். கிலோ நானூறு ரூபா, மகனே.

பையனின் முகம் வாடிவிட்டது. நான் அருகே சென்று, அவன் தமிழ் படிக்கிற பிள்ளை என்று விளக்கினேன். "நல்லாத்தான் பேசுது சார் புள்ள," என்றாள் அவள். "ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

மறுநாள் வகுப்பிலே அவன் எழுந்து நின்று கேட்ட கேள்வியை நான் மறக்க இயலாது. சிங்களமும் தமிழைப் போலவே எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரு வழக்குகள் கொண்ட மொழி. "நான் போகிறேன்" என்பதை எழுத்திலே "மம யமி" என்பர். வீட்டிலே "மம யனவா" என்பர். வீட்டிலே "யமி" என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து அவன் தாயே சிரிப்பாள். பையன் கேட்டான்: "சேர், நீங்கள் எங்களுக்கு யமித் தமிழையே படிப்பிக்கிறீர்கள். யனவாத் தமிழை எப்போது படிப்பிப்பீர்கள்?"

நான் பேராதனையிலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். ஒரு மொழியிலே உயர் வழக்கும் தாழ் வழக்கும் தனித்தனிப் பணிகளுக்கென நிலைபெற்றிருப்பதைக் குறித்து 1959ஆம் ஆண்டில் பெர்கூசன் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் எழுதிய கட்டுரையைப் படித்து, தமிழின் இரட்டை வழக்கு என்னும் தலைப்பிலே நீண்டதொரு விடை எழுதி, நல்ல புள்ளியும் பெற்றவன். எனினும் பதினான்கு வயதுப் பையனொருவன் கேட்கும்வரை அந்த அறிவு என் வகுப்பறைக்குள்ளே நுழைந்ததில்லை.

அன்று அவனுக்கு நான் சொன்ன விடையையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தமிழே யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் மலையகத்தாருக்கும் தமிழகத்தாருக்கும் பொதுவானது. பேச்சுத் தமிழோ ஊருக்கு ஊர் மாறுவது. ஆகவே பொதுவானதைக் கற்பதே நன்று என்றேன். இவ்வாதத்திலே உண்மை உண்டு. வாசிக்கவும் எழுதவும் வேண்டிய பிள்ளைக்கு எழுத்துத் தமிழின்றி வழியில்லை. ஆயினும் அதைச் சொல்லும்போதே நான் முழுவதையும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பாடநூலில் உரையாடற் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. அவற்றை எழுத்துத் தமிழாகத் திருத்தித் திருத்திப் படிப்பித்தவன் நானே. "வேணும்" என்று கரும்பலகையிலே எழுத என் கை கூசியது.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? 1960களின் தொடக்கத்திலே நம் நாட்டு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைத் தம் கதைகளிலே எடுத்தாண்டபோது, அதனை "இழிசனர் இலக்கியம்" எனப் பண்டித மரபினர் சிலர் பழித்ததையும், முற்போக்கு எழுத்தாளர்கள் அதற்கு விடையிறுத்ததையும் வாசகர் அறிவர். மரபுப் போராட்டம் என்று இலக்கிய வரலாற்றிலே குறிக்கப்படும் அந்த விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்பதிலே எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் வெண்கட்டியைக் கையில் எடுத்தவுடன் மறுபக்கத்திலே போய் நின்றுகொண்டேன். கதையிலே வரும் தொழிலாளியின் பேச்சை உயிருள்ளதென்று போற்றிவிட்டு, சந்தையிலே இருக்கும் தொழிலாளியின் பேச்சைப் பிள்ளைகளின் காதிலே விழாமற் காத்து வந்திருக்கிறேன். தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் சேர்த்தே நூலுக்கு முதலாகச் சொல்கிறது. எங்கள் பட்டப்படிப்பிலே செய்யுள் மிகுந்து, வழக்கு மெலிந்து போயிற்று.

நான் சிங்களம் கற்ற கதையை எண்ணிப் பார்த்திருந்தாலே போதும், இத்தவறு நேர்ந்திராது. வடமராட்சியிலே போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்த எனக்குச் சிங்களம் முதன்முதலாக வாய்த்தது சோதனைச் சாவடியிலே. "பஹின்ன", "கொஹெத யன்னே": இறங்கு, எங்கே போகிறாய். என் சிறுவயதுச் சிங்களம் முழுவதும் ஏவலும் வினாவுமாகவே இருந்தது. அதிலே தன்மை இடம் கிடையாது. பாடசாலையிலும் சிங்களம் ஒரு பாடமாக இருந்தது. எழுத்துக்களை வரிசையாக எழுதினோம். சொற்களை மனனஞ் செய்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். அம்மொழியைப் பேசும் மனிதரில் எங்களுக்குத் தெரிந்தவர் துப்பாக்கியோடு நின்றவர் மாத்திரமே. அவரோடு எங்களுக்குப் பேச என்ன இருந்தது?

பேராதனை விடுதியிலே மாத்தறைப் பக்கத்து மாணவனொருவன் அறைத்தோழனாக வாய்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ஒரே மின்கேத்தல், ஒரே சீனிப் போத்தல். "கனவா" என்றால் உண்பது. "கன்னவா" என்றால் எடுப்பது. தமிழ் எழுத்திலே இரண்டும் ககரமே; சிங்களத்திலோ முன்னதன் ககரம் வல்லென்றது, பின்னதன் ககரம் அதிர்ந்தொலிப்பது. நான் சோற்றை எடுக்கிறேனா உண்கிறேனா என்று அவன் சிரித்துச் சிரித்துத் திருத்துவான். அந்தச் சிரிப்பிலே நஞ்சு இல்லை. ஈராண்டு முடிவில் நான் சிங்களத்திலே கோபப்படக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கு ஒரு மொழி வந்துவிட்டதா என்று அறிய அதைவிட நல்ல தேர்வு வேறில்லை என்பது என் கருத்து. பாடசாலை பத்து ஆண்டுகளிலே தராததைச் சீனிப் போத்தல் இரண்டு ஆண்டுகளிலே தந்தது.

அவனுடைய சிரிப்பு எவ்வளவு பெரிய கொடை என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. 1983 ஆடிக் கலவரத்தின்போது வாளியைக் குறிக்கும் "பால்திய" என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து, பகரம் அதிர்ந்தொலிக்காத நாவைக் கொண்டு தமிழரை இனங்கண்டனர் என்று தப்பிவந்தோர் சொல்வர். ஓர் எழுத்தின் ஒலிப்பு உயிருக்கு விலையாக இருந்த நாட்டிலே, பிழையாகப் பேசிச் சிரிக்கப்படுவதும் சிரிப்பதும் அற்ப விடயமல்ல.

நம் நாட்டிலே இருமொழியாளர் எங்கே உண்டாகிறார்கள் என்று பார்த்தால், பாடசாலை கடைசியிலேதான் வரும். எங்கள் சந்தையின் முஸ்லிம் வியாபாரி வீட்டிலே தமிழும் தெருவிலே சிங்களமும் பேசி வளர்ந்தவர். தமக்கு இரண்டு மொழி தெரியும் என்பதே அவருக்கு ஒரு செய்தியாகத் தோன்றுவதில்லை. நீர்கொழும்புக் கரையோர மீனவரிலே பலர் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளே தமிழும் அயலாரோடு சிங்களமும் பேசி வந்தவர்கள். அவர்களுடைய தமிழை ஆராய்ந்தோர் வியப்பானதொரு செய்தியைக் கூறுவர். "போறேன், போறான், போறாள்" என்று ஆளுக்கேற்ப மாறும் விகுதிகள் அங்கே பெரிதும் உதிர்ந்துவிட்டன. பேச்சுச் சிங்களத்திலே "யனவா" எல்லாருக்கும் பொதுவாக நிற்பது போலவே அங்கும் வினை நிற்கிறதாம். என் வகுப்பிலே "நான் போறது, அவன் போறது" என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் சிவப்புக் கோடு இழுத்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால், கோட்டை இழுத்திருப்பேன்; கோபப்பட்டிருக்க மாட்டேன்.

ஆனால் இவ்விருமொழியை வெறும் அழகென்று பாராட்டுவதும் பொய்யாகும். அம்மூதாட்டி சிங்களம் கற்றது ஆசையினாலல்ல. வைத்தியசாலையிலே நோயைச் சொல்லவும், பொலிசிலே முறைப்பாடு கொடுக்கவும், கந்தோரிலே பிறப்புச் சான்றிதழ் கேட்கவும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, 2007இல், புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற மொழியிலே தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த நீண்ட இடைவெளியைத் தோட்டத்து மக்கள் தம் நாவினாலேயே நிரப்பினார்கள். அவர்களுடைய சிங்களத்துக்குச் சான்றிதழும் இல்லை, சம்பள ஏற்றமும் இல்லை. ஆங்கிலத்திலே நான்கு வசனம் பேசுகிறவனை இருமொழியாளன் என்கிறோம். இவளை எழுத்தறியாதவள் என்கிறோம்.

வலியவனின் மொழியை எளியவன் கற்கிறான். எளியவனின் மொழியை வலியவன் கற்பதில்லை. என் பாடம் இந்த விதிக்கு எதிராகவே நீந்த வேண்டியிருக்கிறது. என் மாணவருக்கோ தமிழ் தெரியாமல் ஒரு நாளும் பட்டினி கிடக்க நேரவில்லை. அவர்களும் ஏழைக் குடியானவரின் பிள்ளைகளே. ஆயினும் இந்த ஒரு விடயத்திலே அவர்கள் வலியவர் பக்கத்திலே பிறந்துவிட்டார்கள்.

1945இல் வந்த இலவசக் கல்வியும் அதனோடு வேரூன்றிய தாய்மொழிப் போதனையும் ஏழையின் பிள்ளைக்கு அறிவின் கதவைத் திறந்தன. அதனைக் கைவிடச் சொல்பவன் நானல்லன். அவை இல்லையேல் நானும் பட்டதாரியாகியிருக்க மாட்டேன். ஆனால் அதே ஏற்பாட்டிலே சிங்களப் பிள்ளை ஒரு மதிலுக்குள்ளும் தமிழ்ப் பிள்ளை இன்னொரு மதிலுக்குள்ளும் வளர்ந்தன. என் பாடசாலைக்கும் தோட்டத் தமிழ்ப் பாடசாலைக்கும் இடையே இரண்டு மைல் தூரமும் இல்லை. காலையிலே ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது.

பிறநாட்டார் அனுபவமும் இதையே சொல்கிறது. இரண்டு மொழிகள் பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்று ஒரு காலத்திலே கற்றோரும் நம்பினர். 1962இல் மொன்றியல் நகரிலே பீல், லம்பேர்ட் என்னும் இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்து, இருமொழி நன்கறிந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிட மேலாகவே செய்தனர் என்று காட்டினர். 1965இல் அந்நகரை அடுத்த ஊரொன்றிலே ஆங்கிலப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சிலே பாடஞ் சொல்லித்தரச் செய்தனர். அம்முறை பரவிற்று. பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டும் வாசித்தும் நன்றாகவே விளங்கிக்கொண்டனர். தம் தாய்மொழியிலும் பின்தங்கவில்லை. எனினும் பேச்சிலும் எழுத்திலும் பிரெஞ்சுப் பிள்ளைகளை எட்டவில்லை. வகுப்புக்கு வெளியே பிரெஞ்சுப் பிள்ளைகளோடு அவர்கள் பழகியதும் குறைவே. அவ்வளவு பொருளும் அக்கறையும் கொட்டிய இடத்திலே நிலை இதுவென்றால், கிழமைக்குச் சில பாடவேளை மட்டுமே கொண்ட நான் எம்மாத்திரம்?

பையனின் கேள்விக்குப் பிறகு நான் செய்தது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. பாண், மேசை, சப்பாத்து, அலுமாரி, ஜன்னல் என்று போர்த்துக்கேயர் இரு மொழிக்கும் பொதுவாக விட்டுச்சென்ற சொற்களைக் கொண்டு ஆறாந் தரத்தைத் தொடங்கினேன். முதல் நாளிலேயே இருபது தமிழ்ச் சொல் தெரியும் என்று பிள்ளைகள் துள்ளினார்கள். "மட படகினி" என்பது "எனக்குப் பசி" என்பதேதான், சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கு என்று காட்டினேன். "எனவா கியலா கிவ்வா" என்பதை "வாறார் எண்டு சொன்னார்" என்று பக்கத்திலே எழுதினேன். எழுதியபின்தான் கவனித்தேன், அது என் ஊர்ப் பேச்சு. பிள்ளைகள் சந்தையிலே கேட்கப் போவது "எண்டு" அல்ல, "ன்னு". "ஓம்" அல்ல; "ஆமா". "கதைக்கிறது" அல்ல, "பேசுறது". யாழ்ப்பாணத்தான் மலையகத் தமிழைப் படிப்பிக்க வேண்டுமானால் முதலில் அவன் அதைக் கற்க வேண்டும்.

ஆகவே ஒன்பதாந் தரத்தாருக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர் காதிலே விழும் தமிழ் வசனம் ஒன்றைச் சிங்கள எழுத்திலே எழுதி வரவேண்டும். திங்கட்கிழமை அதைப் பலகையிலே எழுதிப் பொருள் காண்போம். "இல்லீங்க", "குடுங்க" என்று தொடங்கியது. சில கிழமைகளிலே "பெரட்டு", "கொந்தரப்பு" வந்தன. காலையிலே தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதே பெரட்டு என்று, தோட்டத்துக்கு மரக்கறி லொறி ஓட்டும் ஒருவரின் மகள் எனக்குச் சொல்லித் தந்தாள். கொந்தரப்பு எதுவென்று நான் தடுமாற, பின்வாங்கிலிருந்த ஒருவன், "சேர், எங்கள் கொந்தராத்துவ" என்றான். ஒப்பந்த வேலை. அன்று வகுப்பிலே மாணவன் நான்.

எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எழுத எனக்கும் ஆசைதான். வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், தமிழர், பலகையைப் பார்த்துவிட்டு, "கொச்சைத் தமிழ் படிப்பிக்கவா தம்பி உம்மைப் பேராதனையிலே படிப்பித்தவை?" என்று கேட்டார். அவரிடம் வாதாட என்னிடம் விடை இருந்தது. மூதாட்டியிடம் இல்லை. "உங்கட தமிழைத்தான் இப்ப பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன்," என்று நான் பெருமையோடு சொன்னபோது, அவள் முகம் சுருங்கிற்று. "எங்க தமிழ ஏன் சார் சொல்லிக் குடுக்கிறீங்க? அந்தப் புள்ளைகளுக்காச்சும் நல்ல தமிழ சொல்லிக் குடுங்க." பண்டிதரின் பழிச்சொல்லை அவள் படித்ததில்லை, ஆனால் அது அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத்து உழைப்பையும் அதைச் செய்வோர் பேச்சையும் தாழ்ந்ததென்று சொல்லி வந்தவரிலே, யாழ்ப்பாணத்துப் படித்தவர்களான நாமும் உள்ளோம். அவளுக்கு அன்று நான் ஒரு விடையும் சொல்லவில்லை. கீரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பையன் மட்டும் விடவில்லை. ஞாயிறுதோறும் அவளிடமே போனான். "யாது" போயிற்று, "எவ்வளவு" வந்தது, பின்பு "என்னா வெல" வந்தது. அவள் இப்போது அவனோடு சிங்களத்துக்குத் தாவுவதில்லை. அவள் பேரப்பிள்ளை தோட்டப் பாடசாலையிலே ஒன்பதாந் தரந்தான் என்பதை அவன் கண்டுபிடித்து வந்து சொன்னான். இருவரும் காலை பஸ்ஸிலே பக்கத்துப் பக்கத்திலே நின்று வருவதை நான் கண்டேன். பேசுவது முக்கால்வாசியும் கிரிக்கெட். அதிலே எது தமிழ், எது சிங்களம், எது ஆங்கிலம் என்று பிரிப்பது கடினம்.

ஆண்டிறுதித் தேர்வு வந்தது. வினாத்தாள் வெளியிலிருந்து வருவது. புள்ளித் திட்டமும் அவ்வாறே. கடையிலே பொருள் வாங்கும் உரையாடல் ஒன்றை எழுதுக என்றிருந்தது. பையன் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தான். தக்காளிக்காரி தன் முழங்கால் நோவைச் சொல்கிறாள்; இவன் மருந்து போட்டீங்களா என்று கேட்கிறான்; அவள் விலையிலே ஐம்பது ரூபா குறைக்கிறாள். "எனக்கு ஒரு கிலோ வேணுங்க" என்று இருந்த இடத்திலே என் பேனா நின்றது. திட்டத்தின்படி அது "வேண்டும்" என்றிருக்க வேண்டும். சிவப்பு மையாற் சுழித்து, அரைப் புள்ளியைக் குறைத்தேன். அன்று சனிக்கிழமை. மறுநாள் சந்தையிலே அவன் என்னைத் தேடி வந்து, எத்தனை புள்ளி என்று தமிழிலேயே கேட்டான்.